அம்மாவின் அனுமதி தேவை

எங்கள் தெருவைத் தண்ணீர்க் குழாய்க்காக எந்த மாதம் தோண்டினார்கள், முனையிலிருக்கும் பேக்கரி எப்போது கைமாறியது, எதிர்வீட்டு மாமரம் எந்த மழையில் சாய்ந்தது என்பதையெல்லாம் விவேக் நகரில் எழுதி வைக்கிற ஆள் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். வேலையில் இருந்தபோது ஆரம்பித்த பழக்கம். எட்டு வருடக் குறிப்புகளும் என் லேப்டாப்பில் இருக்கின்றன. இதுவரை யாரும் வந்து எதையும் கேட்டதில்லை. கேட்டால் தேதியோடு சொல்ல முடியும்.

தேதி விஷயத்தில் எனக்கும் அம்மாவுக்கும் ஒரு தகராறு வந்தது. அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, எங்களோடு இருக்கிறார். நான் வியாழக்கிழமை பிறந்தவன் என்று சிறுவயதிலிருந்து சொல்லி வருகிறார். வியாழன் குழந்தை இயேசுவின் நாள். அன்று எங்கள் பகுதியிலுள்ள அவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் கால் வைக்க இடமிருக்காது. அந்த நாளில் பிறந்ததால்தான் நான் ஏதோ தேறினேன் என்பது அவர் கட்சி. ஒரு மத்தியானம் என் பிறந்த தேதியின் கிழமையைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். (அந்தத் தேதியை இங்கே எழுதப் போவதில்லை. என் பாஸ்வேர்டுகளில் பாதி அதுதான்.) வெள்ளி என்று வந்தது. மறுபடி போட்டேன். அப்போதும் வெள்ளி.

அம்மாவிடம் சொன்னேன். காலண்டரில் தப்பு இருக்கும் என்றார். காலண்டரையும் நம்ப வேண்டும், அம்மாவையும் நம்ப வேண்டும் என்பதால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். கிழமை சரியென்றால், தேதி ஒரு நாள் பிசகியிருக்க வேண்டும். பள்ளியில் சேர்க்கும்போது ஏதோ ஒரு தேதியைச் சொல்வது அந்தக் காலத்தில் சகஜம். ஆகவே நான் ஒரு நாள் முன்னால் பிறந்தவன். அம்மா சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். இத்தனை வருடம் கேக் வெட்டிய தேதியை மாற்ற நீ யார் என்று கேட்டார்.

தேதியைத் திருத்துவதென்று முடிவு செய்துவிட்டேன், ஆனால் எங்கே திருத்துவது? ஆதாரில் மாற்றச் சான்றிதழ் கேட்டார்கள். வங்கியில் மாற்ற ஆதாரைக் கேட்டார்கள். எதுவும் கேட்காமல் மாற்றிக்கொள்ள விட்டது, லேப்டாப்புக்குள் நுழைய நான் பயன்படுத்தும் கணக்கு ஒன்றுதான். தேதியையும் மாதத்தையும் இரண்டு முறை சரிபார்த்தேன். பிறகு மவுஸின் சக்கரத்தை உருட்டிப் பக்கத்தைக் கீழே இறக்கி, சேமித்தேன். உருண்டது பக்கம் மட்டுமல்ல, வருடமும்தான் என்பதைக் கவனிக்கவில்லை.

மறுநாள் காலை லேப்டாப் என்னை உள்ளே விடவில்லை. எனக்கு ஒன்பது வயதுதான் ஆகிறதென்றும், தொடர்ந்து பயன்படுத்த அம்மாவிடமோ அப்பாவிடமோ அனுமதி கேட்க வேண்டுமென்றும் பிரியமாகச் சொன்னது. பக்கத்தில் ஒரு பலூன் படம்.

உதவி எண்ணைக் கூப்பிட்டேன். பேசிய பெண் மிகவும் மரியாதையானவர். குழந்தை தன் வயதைத் தானே மாற்றிக்கொள்ள முடியாது சார் என்றார். குழந்தை என்பதும் சார் என்பதும் அவருக்கு ஒரே வாக்கியத்தில் பொருந்தின. பிறகு லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சிவாஜிநகரில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுத் தர முடியும் என்றார். உள்ளே இருப்பது என்ன ஆகும் என்று கேட்டேன். அழித்தால் அழிந்ததுதான் என்று, எனக்குப் புரியவில்லையோ என்று இந்தியிலும் ஒருமுறை சொன்னார். லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன்.

வீட்டில் மனைவிதான் விஷயத்தை எளிமையாக்கினாள். "உங்கப்பா இல்ல. உங்கம்மா இருக்காங்க, அவங்களுக்கு டேப்லெட்ல கணக்கும் இருக்கு. போய்க் கேளுங்க." வெளியூரில் இருக்கும் எங்கள் மகளோடு பேசுவதற்காக அம்மாவுக்கு ஒரு டேப்லெட் வாங்கிக் கொடுத்திருந்தோம்.

அம்மா ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை முழுவதும் கேட்டார். கை நிற்கவில்லை.

"கல்யாணத்துக்கே எங்கிட்ட பர்மிஷன் கேக்கல. இதுக்கு வந்து நிக்கிறியா?"

"யோசிச்சுக் குடுங்க அத்தை, அவசரமில்ல" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து.

அம்மா கையைக் கழுவிக் கண்ணாடி போட்டுக்கொண்டு டேப்லெட்டை எடுத்தார். இந்தக் குழந்தை உங்களுடையதா என்று அது கேட்டது. ஆமாம் என்று தட்டுவதற்குமுன் என்னை ஒருமுறை பார்த்தார். அடுத்து, குழந்தையின் பிறந்த தேதி சரியா என்று கேட்டது.

"வருஷம் தப்பு."

"ஆமாம்மா. அதத்தான் மாத்தணும்."

"தேதியும் தப்பு."

"நீதானம்மா வியாழக்கிழமைன்னு சொன்ன. அதுக்காகத்தான மாத்தினேன்."

"வியாழக்கிழமைதான். சாயங்காலம் கோயிலுக்குப் போய்ட்டு வந்தேன், வலி எடுத்துச்சு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ரெண்டு மணிக்கு நீ பொறந்த."

"எந்த ரெண்டு மணி?"

"ராத்திரி ரெண்டு மணிடா. விடியக்கூட இல்ல. அப்ப அது வியாழக்கிழமதான?"

அம்மாவுக்குப் படுத்து எழுந்தால்தான் மறுநாள். அன்று அவர் படுக்கவில்லை. பள்ளியில் கொடுத்த தேதி சரி, அம்மா சொன்ன கிழமையும் அவர் வழியில் சரி. நடுவில் புகுந்து திருத்தியவன்தான் தப்பு. தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்ட நேரத்தைக்கூடக் குறித்து வைக்கிற எனக்கு, நான் எத்தனை மணிக்குப் பிறந்தேன் என்று அறுபத்திரண்டு வயதுவரை கேட்கத் தோன்றவில்லை.

அது வெள்ளிக்கிழமைம்மா என்று வாய்வரை வந்தது. அம்மா தேதியையும் வருடத்தையும் பழையபடி மாற்றியிருந்தார். விரல் 'அனுமதி' என்ற பொத்தானுக்கு மேல் நின்றது. எட்டு வருடமும் அந்த விரலுக்குக் கீழே இருந்தது.

"என்ன கெழம?" என்றார்.

"வியாழக்கிழமம்மா."

தட்டினார். சற்று நேரத்தில் லேப்டாப் திறந்தது. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து பார்த்தேன். எல்லாம் இருந்தன.

இவ்வளவு அலைந்தது எதற்காக என்று தெரிந்துகொள்ள அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். முதல் பக்கத்திலிருந்து படித்துக் காட்டினேன். நாலாவது வரியில் நிறுத்தச் சொன்னார். மாடி வீட்டுக்காரர்கள் குடிவந்தது அந்த மாதத்தில் இல்லை என்றார். அன்றைக்கே எழுதியது என்றேன். எழுதினால் ஆயிற்றா, பால் காய்ச்சப் போனது நான்தானே என்றார்.

இப்போது தினமும் பூசைக்குப் போய்விட்டு வந்ததும் உட்காருகிறோம். இரண்டாம் வருடத்து ஜூன் வரை வந்திருக்கிறோம். நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. ஆனால் அவர் கேட்டுக்கொண்டபடி, பக்கத்துக்கு இரண்டு மூன்று இடங்களில் அடிக்குறிப்பு சேர்த்திருக்கிறேன்: அம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை.