பின்னால் ஆள் நிற்கக் கூடாது

முப்பத்தோரு வருடம் பேருந்து ஓட்டி, ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்காமல் ஓய்வு பெற்றவர் அவர். அதற்காக டெப்போவில் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். அதைச் சட்டம் போட்டு முன்னறையில் மாட்டியிருக்கிறார். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் அது படவில்லையென்றால், மின்விசிறியைப் போடுகிற சாக்கில் அந்தப் பக்கம் போய் நின்றுகொள்வார். மின்விசிறி ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தாலும் நிற்பார்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரு சின்னக் காரை இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் பின்னோக்கி நிறுத்தத் தெரியாது என்றால் யார் நம்புவார்கள்? அவரே நம்பவில்லை. அறுபத்தொன்றாவது வயதில், ஒரு பிசியோதெரபி நிலையத்தின் தரைக்கு அடியிலிருந்த பார்க்கிங்கில்தான் அந்தச் சங்கதி அவருக்கே தெரியவந்தது.

காரணம் இல்லாமல் இல்லை. பேருந்தைப் பின்னால் எடுக்க அவர்கள் டெப்போவில் ஒரு சட்டம் உண்டு. கண்டக்டர் இறங்கிப் பின்னால் போய் நின்று விசில் ஊத வேண்டும். விட்டு விட்டு ஊதினால் வரலாம். நீளமாக ஒன்று ஊதினால் நிற்க வேண்டும். விசில் இல்லாமல் சக்கரம் ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளக் கூடாது. கடைசிப் பத்தொன்பது வருடமும் அவருக்கு வாய்த்தது ஒரே கண்டக்டர். இவர் அவரை 'கண்டக்டரே' என்பார், அவர் இவரை 'டிரைவரே' என்பார். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டதே கிடையாது.

ஓய்வுக்குப் பிறகு மகள் தன் பழைய காரை இவரிடம் விட்டுவிட்டு வெளியூருக்கு வேலைக்குப் போனாள். அதைப் பின்னால் எடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் மனைவி இறங்கி நின்று, "வாங்க, வாங்க, வாங்க... போதும், போதும்!" என்று குரல் கொடுப்பாள். மூன்று வருடம் இந்த ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அப்புறம் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்தது. தையல் பிரித்த கையோடு, வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், பயிற்சிக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

புது வழித்தடம் என்றால் முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வருவது அவர் பழக்கம். அப்படித்தான் அந்த நிலையத்துக்கும் போனார். முன்வாசல் பெரிய சாலையில் இருந்தது. அங்கே ஒரு நிமிடம்கூட வண்டி நிற்கக் கூடாது. சரிவில் இறங்கினால் கீழே பார்க்கிங், பார்க்கிங்கை ஒட்டி லிஃப்ட். நோயாளிகளுக்கு அதைவிட வசதி வேண்டுமா என்று நினைத்துக்கொண்டே இறங்கினார். சரிவின் அடியில் காவலாளி கையை நீட்டி மறித்தார்.

"ரிவர்ஸ்லதான் போடணும் சார். வெளிய போகும்போது நேரா போகணும். இங்க திருப்ப இடம் கிடையாது."

"அதுக்கென்ன, போட்டுடலாம். பின்னால நின்னு ஒரு குரல் குடுங்க."

காவலாளி சுவரைக் காட்டினார். 'பின்னால் ஆள் நிற்கக் கூடாது' என்று சிவப்பு எழுத்தில் ஒரு பலகை. போன வருடம் யாரோ பின்னால் நின்று வழி சொல்லப் போய், சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் கால் மாட்டிக்கொண்டதாம்.

அவர் ரிவர்ஸ் கியரைப் போட்டார். வண்டி பாதி வரைக்கும் ஒழுங்காகத்தான் போனது. பாதியில் கால் தானாகப் பிரேக்கை மிதித்துவிட்டது. மிதித்த கால் எடுக்க வரவில்லை. காது எதையோ எதிர்பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் ஸ்டீயரிங்கை எங்கே விட்டோம் என்பது மறந்துபோய், மறுபடி எடுத்தபோது வண்டி கோணலாகக் கிடந்தது. மூன்று தடவை முயன்றார், மூன்று தடவையும் பாதியில் அதே கதை. பின்னால் வந்து நின்ற இரண்டு கார்களும் ஹாரன் அடிக்க, "சார், வெளிய போய் ஒரு சுத்து சுத்திட்டு வாங்களேன்" என்றார் காவலாளி. அவர் சுற்றிவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டார். அன்று சான்றிதழ் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் மனைவியை ஏற்றிக்கொண்டு போனவர், நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு மரத்தடியில் காரை நிறுத்தினார்.

"உள்ள இடம் இல்லையாம். இங்கேயிருந்து கொஞ்ச தூரம்தான், மெதுவா நடந்துடலாம்."

"சரிங்க" என்று அவள் ஊன்றுகோலை எடுத்தாள்.

பொய் சொல்லிப் பழகாத மனிதர். அதனால் ஒரே பொய்யையே நாலு தடவையும் சொன்னார். உள்ளே போய்ப் பார்க்காமலே இடம் இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. அவள் கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தாள். பக்கத்தில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு அவரும் நடந்தார். அவள் ஒவ்வொரு தடவை நின்று மூச்சு வாங்கும்போதும் அவருக்கு நெஞ்சில் யாரோ கிள்ளுவது போல இருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை. வீம்பு என்று ஒன்று இருக்கிறதே, அது வலிக்கிற காலைவிடக் கனமானது.

நாலாவது தடவை பயிற்சி கொடுக்கிற பெண் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"அங்கிள், ரோட்டுல நடக்க வைக்காதீங்க. இங்க வந்து சேரும்போதே முட்டி வீங்கியிருக்கு. வீங்கினா மடங்காது. இப்ப எழுபது டிகிரிதான் மடங்குது. ரெண்டு வாரத்துல தொண்ணூறு வரணும். வரலைன்னா மறுபடி மயக்க மருந்து குடுத்து மடக்க வேண்டியிருக்கும்."

"இன்னொரு ஆபரேஷனா?"

"கிட்டத்தட்ட."

மனைவி கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஏதாவது சொல்லித் திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் விடியற்காலையில் அவர் சந்தை மைதானத்தில் இருந்தார். கடைக்காரர்கள் வர ஏழு மணியாகும். வீட்டுக் குளியலறையிலிருந்து கொண்டுவந்த இரண்டு பிளாஸ்டிக் வாளிகளை அளந்து வைத்தார். ஒன்று நீலம், ஒன்று சிவப்பு. இரண்டுக்கும் நடுவில் காரைப் புகுத்த வேண்டும். கால் மணி நேரத்தில் நீல வாளி தன் கடமையை முடித்துக்கொண்டது. பாதியில் பிரேக், திகைப்பு, கோணல், 'படக்' என்று ஒரு சத்தம். வீட்டில் மனைவி கேட்டதற்கு, "அது ஓட்டை ஆயிடுச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்றார். ஓட்டை ஆனது உண்மைதான்.

வேறு வழியில்லாமல் கண்டக்டருக்குப் போன் போட்டார். ஊரின் அடுத்த கோடியில் இருந்த அந்த மனிதர் என்ன ஏது என்றுகூடக் கேட்கவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் மைதானத்தில் நின்றார். கழுத்தில் பழைய விசில்.

விசில் சத்தம் கேட்டதுதான் தாமதம், கார் வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. புதிதாக வாங்கிய பச்சை வாளிக்கும் பழைய சிவப்பு வாளிக்கும் நடுவில், நூல் பிடித்தாற்போல. நீள விசில், பிரேக். மறுபடி வெளியே, மறுபடி உள்ளே. நாலு தடவையும் அச்சு மாறவில்லை. அவருக்கு இளமை திரும்பிவிட்டது. ஐந்தாவது தடவை பின்னால் வரும்போது, கண்டக்டரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று கண்ணாடியைப் பார்த்தார்.

கண்டக்டர் காருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிர்வெயிலில் கண் கூசியதால் திரும்பிக்கொண்டார் போல. வேலியோரம் போய்க்கொண்டிருந்த ஒரு நாயைப் பார்த்தபடி விசிலை மட்டும் விடாமல் ஊதிக்கொண்டிருந்தார். இவர் பிரேக்கை மிதித்தார். டயர் கிறீச்சிட்டது. நீள விசில் வந்தது.

இவர் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"யோவ் கண்டக்டரே! பாக்காமயா ஊதுறீங்க?"

"பழக்கம் டிரைவரே" என்றார் கண்டக்டர். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது. விசிலைக் கழுத்திலிருந்து கழற்றினார்.

"என்ன பழக்கம்?"

கண்டக்டர் காரின் பின்பக்கத்தில் சாய்ந்துகொண்டார். "கடைசி நாலு வருஷம் எனக்கு ரெண்டு கண்ணுலயும் புரை. கிட்ட இருக்கிற டிக்கெட் தெரியும். பத்தடி தாண்டினா எல்லாம் மூட்டம். சொன்னா வேலை போயிரும்னு சொல்லல. ரிட்டயர் ஆனப்புறம்தான் ஆபரேஷன் பண்ணிக்கிட்டேன்."

"அப்ப... நிக்கச் சொல்லி ஊதினது?"

"பின்னால சிவப்பு லைட் எரியும்ல, நீங்க பிரேக் அடிச்சா. அது மட்டும் மங்கலா தெரியும். தெரிஞ்சதும் ஊதுவேன்."

விசில் வந்ததால் இவர் நிறுத்தவில்லை. இவர் நிறுத்தியதால்தான் விசில் வந்திருக்கிறது. நாலு வருடம், நாளைக்கு ஆறு தடவை!

"யாராவது செத்திருந்தா?" என்று கத்தினார். வந்த கோபத்துக்கு அளவில்லை. "ஒரு பிள்ளை குறுக்க வந்திருந்தா என்னய்யா பண்ணியிருப்பீங்க?"

"தெரியும். தினம் சாமியைக் கும்பிட்டுட்டுதான் பின்னால போய் நிப்பேன். நான் பண்ணது தப்புதான், இல்லைங்கல." கண்டக்டர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "ஆனா நீங்க கண்ணாடியைப் பாத்துக்கிட்டே இருப்பீங்க டிரைவரே. இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. அந்த தைரியத்துலதான் காலத்தை ஓட்டினேன்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே. பத்தொன்பது வருஷம்!"

"எப்படிச் சொல்ல? ஒரு நாள் மறைச்சாச்சு. மறுநாள் சொல்றதுன்னா நேத்து மறைச்சதையும் சேத்துல்ல சொல்லணும்?"

அவர் வாளிகளைப் பார்த்தார். நாலு தடவை 'இடம் இல்லையாம்' என்ற வாய் அது, அதற்குமேல் என்ன பேசும்? கோபம் முழுதாகத் தீரவில்லை, இன்றுவரைக்கும் தீரவில்லை. ஆனாலும் கண்டக்டரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத்தான் வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தனியாக மைதானத்துக்குப் போனார். முதல் தடவை பாதியில் கால் வழக்கம்போலப் பிரேக்குக்குப் போனது. 'அடேய், ஊதப்போறது யாரு, நீதானே' என்று தன்னையே ஒரு வார்த்தை திட்டிக்கொண்டு இடது கண்ணாடியைப் பார்த்தார். சிவப்பு வாளி தெரிந்தது. வலது கண்ணாடியில் பச்சை வாளி. இத்தனை வருடமாகத் தெரிந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. காலை எடுத்தார். ஏழு மணிக்குள் பதினோரு தடவை போட்டு எடுத்து, வாளிகளைக் கழுவிக் குளியலறையிலேயே வைத்தார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அவர் பின்தெருவுக்குத் திரும்பாமல் சரிவில் இறங்கினார். மனைவி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். காவலாளி அடையாளம் கண்டுகொண்டு ஓரமாக ஒதுங்கி நின்றார். ரிவர்ஸ் கியர். பாதி வரைக்கும் போனது. நின்றது. பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. அவர் இடதுபக்கம் பார்த்தார், கோடு இருந்தது. வலதுபக்கம் பார்த்தார், தூண் இருந்தது. அவசரப்படாமல் காலை எடுத்தார். சுவருக்கு ஒரு முழம் இருக்கும்போது நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்தார்.

"லேசா கோணல் சார், பரவாயில்ல" என்றார் காவலாளி.

"எடுத்துத் திரும்பப் போடட்டுமா?"

"ஐயோ, வேணாம் சார்."

எஞ்சினை அணைத்த பிறகும் அவர் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இங்க பாரு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றார். "இத்தனை நாளும் இங்க இடம் இருந்துச்சு. எனக்குத்தான் போடத் தெரியல."

"தெரியும்."

"எப்ப தெரியும்?"

"முதல் நாளே தெரியும். மேல ஜன்னல்லேருந்து பாத்தா இந்தச் சரிவு தெரியும். அரை மணி நேரத்துல ஒன்பது வண்டி இறங்குச்சு, ஒண்ணுகூடத் திரும்பி வரல. மரத்தடியிலேருந்து வாசலுக்கு முன்னூத்திப் பத்து எட்டு. ஒவ்வொரு எட்டுக்கும் உங்களை ஒரு திட்டு திட்டினேன்."

"வாய்விட்டுத் திட்டியிருக்கலாமே."

"நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன். வியாழக்கிழமை அந்தப் பொண்ணு அப்படிச் சொன்னதுக்கப்புறம் இனி பொறுக்க முடியாதுன்னு, இன்னிக்கு ஒன்பதரைக்கு நம்ம வீட்டு வாசலுக்கு டாக்சி வரச் சொல்லிட்டேன்."

முப்பத்தோரு வருடம் ஊரையே ஏற்றிக்கொண்டு போனவரின் பெண்டாட்டி டாக்சியில்! அவருக்கு முகம் செத்துவிட்டது.

"டாக்சியா? ஒன்பதரைக்கா? இந்நேரம் வீட்டு வாசல்ல நிப்பானே!"

"வர மாட்டான். நேத்தே வேணாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

அவள் கதவைத் திறந்து, நல்ல காலை முதலில் வெளியே வைத்தாள். லிஃப்ட் ஆறேழு எட்டு வைக்கிற தூரத்தில் இருந்தது. ஊன்றுகோலுக்காகக் கையை நீட்டினாள்.

"மூணு நாளா விடிஞ்சா காரோட சேர்ந்து வாளியும் காணாமப் போச்சு. நேத்து குளிக்கப் போனேன்" என்றாள். "வாளி ரெண்டும் முழுசா இருந்துச்சு."