உப்பில்லாச் சோறும் கோர்ட்டும்

எனக்கு எழுபத்தாறு வயசு. அஞ்சு பிள்ளைகளை வளர்த்தேன். ஒண்ணையும் யார் வாசல்லயும் நிக்க விட்டதில்லை. மூணாவது வரைக்கும்தான் படிப்பு. ஆனாலும் இதை நானே எழுத்துக் கூட்டி எழுதறேன். என் பேச்சை இன்னொருத்தர் எழுதினா என்ன ஆகும்னு பார்த்துட்டேன்.

சேதராப்பட்டு ஃபேக்டரியில வேலை பார்த்த என் கடைசி மகனுக்குக் கிட்னி கெட்டுப்போச்சு. ஆஸ்பத்திரியில சேர்த்தப்ப ஒரு சின்ன டாக்டர் பொண்ணு, "ஆயா, இனிமே உப்பைக் குறைக்கணும்"னா. எனக்கே சமையல் சொல்லித் தராளான்னு, "சின்னதுலேருந்தே உப்பில்லாச் சோறு போட்டு வளர்த்த பிள்ளைம்மா"ன்னேன். நான் சொன்னது ஆடி வெள்ளியை. மாரியம்மனுக்கு வேண்டிக்கிட்டு எங்க வீட்டுல அன்னிக்கு யாரும் உப்பு சேர்க்க மாட்டோம். அவ தலையாட்டிக்கிட்டே கேஸ் ஷீட்டுல எழுதிக்கிட்டா.

வைத்தியச் செலவுக்கு மகன் எடுத்திருந்த பாலிசியில பணம் கேட்டோம். இன்சூரன்ஸ்காரன் அதைப் பிடிச்சுக்கிட்டான். சின்ன வயசுலேயே நோய் இருந்திருக்கு, மறைச்சுட்டீங்க, பழைய நோய்க்குப் பணம் கிடையாதுன்னுட்டான். ரத்தம் சுத்தம் பண்றதை நிறுத்தினா பிள்ளை தங்காது. நுகர்வோர் கோர்ட்டுக்குப் போனோம்.

எங்க வக்கீலையே நான் நம்பலை. கம்பெனி வக்கீலோட ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சார்.

"என்ன தம்பி, சம்பந்தம் பேசறீங்களா?"ன்னேன்.

"சண்டையெல்லாம் உள்ளதான் ஆயா"ன்னு சிரிச்சார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கலை.

உள்ளே ஜட்ஜம்மா எங்க மனுவைப் படிச்சுட்டு கம்பெனி வக்கீலைக் கேட்டாங்க: "பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடி இவருக்கு நோய்னு எந்த டாக்டர் சொன்னார்?"

"உப்பில்லாம சாப்பிட்டிருக்காரே, மேடம்."

"ஆடி வெள்ளிக்கு எங்க வீட்லயும்தான் சாப்பிடறோம். எங்களுக்கும் கிட்னி போச்சா?"

அப்பவும் நான் சிரிக்கலை. தீர்ப்பு வரட்டும்னு இருந்தேன்.

வந்துச்சு. கம்பெனி பணம் குடுக்கணுமாம். பழைய நோய்னு கம்பெனிதான் நிரூபிக்கணுமாம். பாலிசியில ஒரு வரியை ரெண்டு விதமா படிக்க முடிஞ்சா, நோயாளிக்கு நல்லதாத்தான் படிக்கணுமாம். வைத்தியம் கிடைக்கறது உயிரோட இருக்கற உரிமையில சேர்ந்ததாம். ஆனா பாலிசியில வருஷத்துக்கு இவ்வளவுதான்னு போட்ட வரம்பைக் கோர்ட்டு கூட்டித் தராதாம்.

"உரிமைக்கு ஏது தம்பி வரம்பு?"ன்னு வக்கீலைக் கேட்டேன்.

"அந்தப் பணம் தீர்ந்தா கதிர்காமம் கவர்மெண்டு பெரிய ஆஸ்பத்திரி இருக்கே, ஆயா, காசில்லாம பார்ப்பாங்க"ன்னார். இதுக்குத்தான் இவ்வளவு நாள் நடந்தோமா?

இப்ப கம்பெனி மேல்கோர்ட்டுக்குப் போகுதாம். அங்கேயும் என் பேச்சைத்தான் கிளறுவாங்க. அதான் நடந்ததை என் கையாலயே எழுதி வக்கீல்கிட்ட குடுக்கப் போறேன்.

பேத்தி, இங்க வா. இதை உரக்கப் படி. ஆடி வெள்ளின்னு தெளிவா இருக்கான்னு பாரு. நீயா ஒரு வார்த்தையும் சேர்க்காதே.