காதில் தோடில்லாத அட்மின்

இரண்டு வருடத்துக்கு முந்தைய கோடையில், வில்லியனூரைத் தாண்டி உள்ளே போகிற ஒரு சின்ன ஊரில் நடந்தது இது. நான் இருப்பது பாகூர் பக்கம். அந்த ஊருக்கும் எனக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. ஒரு ரோஜாச் செடிதான் என்னை அங்கே கொண்டுபோய் விட்டது.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் பெண்கள் விடுதி ஒன்றில் வார்டனாக இருந்தவள் நான். ஒரு பெண் வந்து தலைவலி என்று சொன்னால், அது தலைவலியா சினிமாவா என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவேன். வேலையை விட்ட பிறகும் அந்தக் கண் என்னை விடவில்லை. பால்காரர் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் சிரித்துப் பேசினால்கூட, எதற்கு இந்தச் சிரிப்பு என்று யோசிப்பேன். இதற்கு என் கணவர் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது.

எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றுதான். அக்கம்பக்கத்தார் தங்கமானவர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தவக்காலத்தில் ஒரு ஜெபமாலை சொல்ல, துணைக்கு ஆள் இருக்காது. ஞாயிறு பூசையில் பார்க்கிற முகங்களும், பூசை முடிந்த கையோடு பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிடும். எனக்குச் செடிப் பைத்தியம் வேறு. ரோஜாவில் பதியன் போடுவது எப்படி என்று செல்போனில் தேடப்போய், ஃபேஸ்புக்கில் ஒரு பெண்ணின் பதிவு கண்ணில் பட்டது. புதுச்சேரி கிராமங்களில் இருக்கிற, தோட்டத்தில் ஆர்வமுள்ள கிறிஸ்தவச் சகோதரிகள் சேரலாம் என்று எழுதி, ஒரு வாட்ஸ்அப் குழுவின் இணைப்பைப் போட்டிருந்தார். குழுவின் பெயர் 'ஏதேன் தோட்டம்'.

பெயரைப் பார்த்ததுமே எனக்கு உறுத்தியது. மாதா பெயர் இல்லை, ஒரு புனிதர் பெயர் இல்லை. ஏதேன் தோட்டம் என்றால் பாம்பும் இருக்குமே என்று கணவரிடம் சொன்னேன். சொல்லிக்கொண்டே சேர்ந்தும்விட்டேன். ஆசை யாரை விட்டது?

பன்னிரண்டு பேர் இருந்தோம். ஏம்பலம், கரையாம்புத்தூர் என்று பல பக்கத்துப் பெண்கள். காலையில் ஒரு வசனம் வரும், பிறகு நாள் முழுக்க இலைச்சுருட்டைக்கு என்ன மருந்து, மீன் கழுவிய தண்ணீரை எந்தச் செடிக்கு ஊற்றலாம் என்று பேச்சு ஓடும். உண்மையைச் சொன்னால், எனக்கு அது நன்றாகவே பிடித்திருந்தது. ஆனால் செடியை வாட்ஸ்அப்பில் அனுப்ப முடியாதே. அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை நேரில் கூடி, பதியனும் விதையும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஏற்பாடானது. எங்கே கூடுவது என்று கேட்டபோது, அந்தப் பதிவைப் போட்ட பெண்தான் அட்மின், அவர் தன் வீட்டுக்கே எல்லாரையும் கூப்பிட்டார். அடுத்த மாதமும் அவர் வீடுதான். மற்றவர்கள் தங்கள் வீட்டுக்கு அழைத்தபோது, தன்னால் வர முடியாது, நீங்கள் இங்கே வாருங்கள் என்றே சொன்னார்.

முதல் தடவை போனபோது என் கண் நேராக அவர் காதுக்குத்தான் போனது. காதில் தோடு இல்லை. கழுத்தில் செயின் இல்லை, கையில் வளையல் இல்லை. வயது நாற்பத்தைந்துக்குள் இருக்கும், புருஷன் வெளிநாட்டில். அப்படியிருக்க நகை ஏன் இல்லை? எங்கள் பக்கத்தில் வேதக்கார வீட்டுப் பெண் ஒருத்தி மூளிக் காதோடு நின்றால், அவள் எந்தச் சபை என்று யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. நகையே போடாத பெந்தெகொஸ்தே சபை, அல்லேலூயாக் கூட்டம் என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம். எங்களைப் போன்ற ஆர்.சி. கத்தோலிக்க வீடுகளில் ஆள் பிடிக்க இப்படித்தான் நைச்சியமாக நுழைவார்கள் என்பது நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எச்சரிக்கை.

அதற்குப் பிறகு நான் செடியைப் பார்க்கவில்லை, வீட்டைத்தான் பார்த்தேன். கூடத்தில் ஒரு மாதா சுரூபம்கூட, ஒரு சின்னச் சிலைகூட இல்லை. சுண்டல் கொடுத்தபோது எல்லாரும் சிலுவை போட்டுவிட்டுச் சாப்பிட்டோம். அவர் போடவில்லை, தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடினார். உள்ளே ஓர் அறை, வெளியே தாழ்ப்பாள் போட்டிருந்தது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அதைத் திறந்து உள்ளே போவார், தலை கலைந்து வெளியே வருவார். அங்கிருந்து ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை. உள்ளே யாரோ அந்நிய பாஷையில் ஜெபம் செய்கிறார்கள், நம்மைப் பழக்கப்படுத்திவிட்டு ஒருநாள் அந்தக் கதவைத் திறப்பார்கள் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஒரு நல்ல ரோஜாப் பதியனை வாங்கிக்கொண்டுதான் வந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவது மாதம் அட்மினிடமிருந்து குரல்பதிவு வந்தது. வருகிற சனிக்கிழமை வீட்டில் ஒரு சின்ன விசேஷம், செடி எதுவும் கொண்டுவர வேண்டாம், நீங்கள் வந்தால் போதும், என்ன விசேஷம் என்று வந்த பிறகு சொல்கிறேன் என்று.

இதோ வந்துவிட்டது என்று நினைத்தேன். செடிக் கூட்டத்தில் செடி வேண்டாமாம். கதவைத் திறக்கும் நாள் இதுதான்.

அன்று சாயங்காலமே போனை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். குழுவில் எனக்கு நெருக்கமான ஐந்து பேருக்கு ஒவ்வொருவராகப் பேசினேன். காது, சுரூபம், தாழ்ப்பாள், சத்தம் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்தேன். பாதி நான் பார்த்தது, மீதி நானே கோத்தது. அவர்கள் மற்றவர்களுக்குச் சொன்னார்கள். எப்படி மறுப்பது என்று தயங்கியவர்களுக்குச் சாக்கும் நானே எடுத்துக் கொடுத்தேன். ஒருத்திக்கு மாமியாருக்கு முடியவில்லை, இன்னொருத்திக்கு வீட்டில் விருந்தாளி. கணவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றுதான் சொன்னார்: "அந்தம்மா எந்த சபையாவேணா இருந்துட்டுப் போவட்டும். உனக்கு செடி குடுத்தாங்களா இல்லியா?"

நான் காதில் வாங்கவில்லை. ஆனால் சனிக்கிழமை நான் மட்டும் போனேன். நேரில் பார்த்து, கையும் களவுமாகப் பிடித்து, குழுவில் போட வேண்டும் என்பது என் திட்டம்.

இரண்டு பஸ் மாறி, பத்து மணிக்குப் போய் இறங்கினேன். வாசலில் ஒரு ஸ்கூட்டர் நின்றிருந்தது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள், எண்ணிப் பார்த்தேன், பன்னிரண்டு. அதில் ஒன்றில் வெள்ளை அங்கியோடு ஒரு சாமியார் உட்கார்ந்திருந்தார். எங்கள் சாமியார்தான், ஆர்.சி. சாமியார். பக்கத்துப் பங்குக் கோயிலிலிருந்து வந்திருந்தார்.

அட்மின் ஓடிவந்து என் கையைப் பிடித்து, அந்த உள்ளறைக்கு அழைத்துப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. தரையில் மெத்தை விரித்து, சுவரோரம் தலையணை அடுக்கி, அதில் சாய்ந்தாற்போல் ஒரு பெண், அட்மினின் மகள். இருபத்தொரு வயது என்று பிறகு தெரிந்தது, பார்த்தால் பன்னிரண்டுதான் சொல்லலாம். வெள்ளைக் கவுன், தலையில் துணிப்பூ கிரீடம். கழுத்து நிற்கவில்லை, பேச்சு இல்லை. நான் இரண்டு மாதம் கேட்ட அந்தச் சத்தம் அவள் சந்தோஷமாக இருக்கும்போது எழுப்புகிற சத்தம். கூடத்தில் பெண்கள் பேசுவது கேட்டால் அவளுக்கு அப்படி ஒரு குஷியாம். உருண்டு உருண்டு கூடத்துக்கு வந்துவிடுவாள், யார் காலிலாவது மிதிபடுவாள் என்றுதான் தாழ்ப்பாள். கூடத்தில் நான் தேடிய சுரூபங்கள் எல்லாம் அவள் தலைக்கு மேலே உயரத்தில் ஒரு பலகையில் வரிசையாக இருந்தன. அவற்றைப் பார்த்தால்தான் தூங்குவாளாம்.

அம்மா குனிந்ததும் அந்தப் பெண் கையை நீட்டி அம்மாவின் காதைப் பிடித்து இழுத்தாள். அப்போதுதான் பார்த்தேன். வலது காது மடல் கீழே இரண்டாகக் கிழிந்து ஆறியிருந்தது. நகை போட்டுக்கொள்ளாததற்கு வேறு காரணம் தேவையில்லை.

அன்று அவளுக்குப் புதுநன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள். சின்ன வயதில் கேட்டபோது, குழந்தைக்கு ஒன்றும் புரியாதே என்று பலரும் சொல்லி, தாயும் விட்டுவிட்டாராம். இந்தச் சாமியார்தான், நாமெல்லாரும் புரிந்துகொண்டுதான் வாங்குகிறோமா என்று கேட்டிருக்கிறார். பெண்ணைத் தனியே விட முடியாமல், இந்தத் தாய் பூசைக்குப் போயே வருடக்கணக்காகிறது. சொந்தக்காரர்கள் மெல்ல மெல்ல நின்றுபோனார்கள். வெளியே போக முடியாதவர், ஜனங்களை வீட்டுக்கு வரவழைக்கக் கண்டுபிடித்த வழிதான் ஃபேஸ்புக்கும் ரோஜாச் செடியும். முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா பாவம் பாக்க வருவாங்க, இல்லன்னா வராமயே இருந்துடுவாங்கக்கா. செடி பாக்க வர்ற மாதிரி, சாதாரணமா வரணும்னு நெனச்சேன்."

சாமியார் கடிகாரத்தைப் பார்த்தார். அட்மின் போனைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னார். ஏம்பலத்து அக்காவின் மாமியாருக்கு உடம்பு சரியில்லையாம், பாவம். இன்னொரு அக்கா வீட்டில் விருந்தாளியாம். எல்லாம் நான் தைத்துக் கொடுத்த சட்டைகள். படித்து முடித்துவிட்டு, சாமியாரிடம் என்னைக் காட்டி, "யாரு வரலன்னாலும் இவங்க வந்துட்டாங்க சாமி. பாகூர்லேர்ந்து ரெண்டு பஸ்ஸு மாறி வந்துக்கீறாங்க" என்றார். அந்த முகத்தில் இருந்த நன்றியை என்னால் பார்க்க முடியவில்லை. ஒரு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்து ரோஜாத் தொட்டிகளுக்கு நடுவில் நின்றேன். ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேச நேரமில்லை. குழுவைத் திறந்து, குரல்பதிவில் கொட்டினேன். நான் உங்களிடம் சொன்னது எல்லாம் பொய், அது அல்லேலூயாக் கூட்டம் இல்லை, அவர் பெண்ணுக்கு இன்று புதுநன்மை, என் பேச்சைக் கேட்டு வராமல் இருக்காதீர்கள், கிளம்பி வாருங்கள் என்று. அனுப்பிவிட்டேன்.

அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அந்தக் குழுவின் அட்மின் யார் என்று. அழித்துவிடலாம் என்று விரலை வைத்தேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து என் குரல் கேட்டது. முழுக்கக் கேட்டது. ஒரு வார்த்தை விடாமல், அல்லேலூயாக் கூட்டம் என்று நான் சொன்ன இடம் உட்பட.

அப்படியே நடையைக் கட்டியிருக்கலாம், பஸ் நிறுத்தம் பக்கத்தில்தான். ஏன் போகவில்லை என்று எனக்கே தெரியாது. கால் தானாக உள்ளே போனது. சாமியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அட்மின் போனைக் கவிழ்த்து வைத்தார். என்னைப் பார்க்காமலேயே, "அரை மணி நேரம் பாத்துட்டு ஆரம்பிக்கலாமா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

மூன்று பேர் வந்தார்கள். ஒருத்தி கட்டியிருந்த வீட்டுப் புடவையோடு ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். மற்றவர்கள் வரவில்லை. அதில் இரண்டு பேர் அன்றே குழுவை விட்டு வெளியேறினார்கள். நான் கிளப்பிவிட்ட சந்தேகத்தை என்னாலேயே முழுக்கத் திரும்ப வாங்க முடியவில்லை. ஏழு நாற்காலி காலியாகவே கிடந்தது.

சாமியார் நன்மை அப்பத்தில் ஒரு துணுக்கைக் கிள்ளித் தண்ணீரில் நனைத்து, கரண்டியால் அவள் நாக்கில் வைத்தார். அவள் விழுங்கினாளா என்று நாங்கள் எல்லாரும் மூச்சை அடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கிவிட்டு அந்தச் சத்தத்தை எழுப்பினாள். அதற்கு முன்பே, மெழுகுவர்த்தியை யார் பிடிப்பது என்று வந்தபோது, அட்மின் அதை என் கையில் திணித்திருந்தார். அப்போதும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். இந்த வீட்டுப் பக்கமே இனி வர மாட்டேன், குழுவை விட்டும் போய்விடுகிறேன் என்றேன். அவர் நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பதில் சொன்னார்.

"கோவம் இருக்குதுக்கா. இல்லன்னா பொய்யி. ஆனா போயிடாதீங்க. கோவப்படறதுக்குக்கூட எனக்கு இன்னா, நாலு பேரா இருக்காங்க?"

மாதாமாதம் போகிறேன். முதல் இரண்டு மாதம் என்னோடு மட்டும் அளந்துதான் பேசினார், அது அவர் உரிமை. என் சந்தேக புத்தி செத்துவிட்டது என்று சொன்னால் என் கணவரே சிரிப்பார். ஆனால் திருச்சபை, சமூகம் என்று யாராவது பிரசங்கத்தில் சொல்லும்போது, எனக்கு இன்றும் கோயில் நினைவுக்கு வருவதில்லை, என் மேல் கோபத்தை வைத்துக்கொண்டே என்னைப் போக விடாத அந்த வீடுதான் வருகிறது.