வதனி கண்டுபிடித்த விசில்

இன்று பின்னேரம் காரின் எயர் ஃபில்டரை நானே மாற்றினேன். மாற்றிவிட்டு எஞ்சினை ஓடவிட்டால், எங்கிருந்தோ விசில் அடிப்பது போல ஒரு சத்தம். குனிந்து நிமிர்ந்து தேடியும் இடம் பிடிபடவில்லை.

அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்திலிருந்து வதனி அழைத்தாள். கலியாணம் முடித்த நாளிலிருந்து ஜெர்மன் விசாவுக்காகக் காத்திருக்கும் என் மனைவி.

"அதென்னப்பா சத்தம்?"

"கார்தான். எங்கயிருந்து வருதெண்டு கண்டுபிடிக்க ஏலாமக் கிடக்கு."

"ஃபோனைக் கிட்டப் பிடியுங்கோ."

பிடித்தேன்.

"வலப்பக்கம் கொண்டு போங்கோ. இன்னும் கொஞ்சம் பின்னுக்கு. ஓம், அதிலதான் கூடக் கேக்குது."

எஞ்சினை நிறுத்திப் பார்த்தேன். ஃபில்டர் பெட்டிக்குப் போகும் காற்றுக் குழாயைச் சரியாகப் பூட்டாமல் விட்டிருக்கிறேன். அழுத்திப் பூட்டியதும் விசில் நின்றுவிட்டது.

"சரி, அப்ப வைக்கட்டே?" என்றேன்.

"வையாதேங்கோ. காரை ஒருக்கா ஓடிப் பாருங்கோ. நானும் வாறன்."

ஃபோனைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு நான் இருக்கும் கெல்சென்கிர்ச்சன் நகரத்துக் கால்வாய் வரைக்கும் ஓட்டினேன்.

"இப்ப எங்க நிக்கிறம்?" என்று ஒவ்வொரு சிக்னலிலும் கேட்டாள். "நிக்கிறீங்கள்" என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நானும் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டே போனேன்.

ஒரு வளைவில், எஞ்சின் சத்தத்தை வைத்தே, "என்னத்துக்கு இந்த ஓட்டம்? மெல்லப் போங்கோ" என்று ஏச்சும் விழுந்தது.

பக்கத்து இருக்கையில் ஆளையே வைத்துக்கொண்டு ஏச்சு வாங்குகிறவர்கள் கொஞ்சம் கையைத் தூக்குங்கள், பார்ப்போம். உங்கள் மேல் எனக்குச் சரியான பொறாமை.