கிளிக்குள் இருந்த கம்பி

எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் பெண் பார்க்கப் போனால் முதலில் கண்ணில் படுவது பெண் அல்ல, கிளி. பச்சைப் பாசிமணியில் கோத்த கிளி, சிவப்பு மணியில் மூக்கு, ஒரு வளையத்தில் உட்கார்ந்து நடுவாசலுக்கு மேலே தொங்கும். குனியாமல் நுழைந்தால் நெற்றியில் கொத்தும். அதைத் தாண்டிப் போனால் வயர் கூடை, மணித் திரை, ஃபியூஸ் போன பல்புக்குப் பாவாடை கட்டிவிட்ட பொம்மை, ரேடியோ இருக்கிறதோ இல்லையோ ரேடியோவுக்குப் பின்னிய உறை. எல்லாமே ‘பொண்ணு கையால செஞ்சது.’ தொங்குவதையெல்லாம் கணக்கெடுத்தால் அந்தப் பெண் தொட்டிலிலேயே பின்ன ஆரம்பித்திருக்க வேண்டும். யாரும் கணக்கெடுப்பதில்லை. மாப்பிள்ளைக்கு மேல்வரும்படி உண்டு என்று நாங்கள் சொல்வதை அவர்கள் துருவிக் கேட்காத மாதிரி, இது எங்கள் பங்கு நாகரிகம்.

நான் பார்த்த கிளிகளைத் திறந்துவிட்டால் ஒரு தோப்பு நிறையும். வானூரில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். வயது முப்பதைத் தாண்டியிருந்தது. தலைமுடி என்னைப் போல நிதானக்காரன் இல்லை, முன்னதாகவே கிளம்பிப் போய்விட்டது. எந்நேரமும் கக்கத்தில் ஒரு புத்தகம். பெண் வீட்டார் சிலர் அதை ஒரு வியாதி என்று நினைத்து, ‘கல்யாணம் ஆனா சரியாப் பூடுமா?’ என்று தரகரைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார்கள். சில இடங்களில் அம்மாவுக்குப் பெண்ணைப் பிடிக்கவில்லை, பல இடங்களில் பெண்ணுக்கு என்னைப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லும்போது அம்மா இந்தச் ‘சில’வையும் ‘பல’வையும் இடம் மாற்றிக்கொள்வாள்.

மரக்காணத்துக்குப் புறப்பட்ட அன்று பஸ் நிறுத்தத்திலேயே தரகர் சொல்லிவிட்டார்.

“அம்மா, இதாங்க கடைசி. இதுக்கு மேல என் கையில சரக்கு இல்ல. இதையும் வேணாம்னு சொல்லிட்டீங்கன்னா தம்பிக்கு நான் மடத்துலதான் எடம் பாக்கணும்.”

“மடத்துல சேத்துக்குவாங்களா?” என்று என் தாய்மாமன் உண்மையான அக்கறையோடு கேட்டார். “தலை மொட்டை அடிக்கிற செலவுதான் மிச்சம்.”

மாமாவுக்கு என்னைப் பிடிக்கும். பிடித்தவர்களை அவர் தோலுரிப்பதோடு விடுவார். பிடிக்காதவர்களுக்கு உரித்த இடத்தில் உப்பும் தடவுவார்.

ஊர் நெருங்கியதும் சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாக உப்பளம். கூரைக் கீற்று இன்னும் மூடாத உப்புக் குவியல்கள் நடுப்பகல் வெயிலில் கண்ணைக் குத்தின. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா மட்டும் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “இவ்ளோ உப்பு வெளையிற ஊரு. ரோஷத்துக்குக் கொறவே இருக்காதுடா. ஜாக்கிரதையா பேசு,” என்றார்.

பெண்ணின் அப்பா உப்பள மேஸ்திரி. மனைவியை இழந்தவர். ஆள் வாட்டசாட்டம். பாத்திக்கு இந்தக் கரையிலிருந்து அந்தக் கரையில் இருக்கிறவனைத் திட்டிப் பழகிய தொண்டை என்பதால் “வாங்க” என்று அவர் சொன்னதே எங்களுக்கு அதட்டலாகக் கேட்டது. கையெல்லாம் உப்புத் தண்ணீர் அறுத்த வெடிப்பு. அந்தக் கையால் கும்பிட்டபோது அம்மா ஓர் அடி பின்வாங்கினாள்.

வீட்டின் ஜன்னல் கம்பிகள் பழைய முறுக்கு மாதிரி உதிர்ந்துகொண்டிருந்தன. கதவின் கீல் கையில் வருமோ என்று பயமாக இருந்தது. அந்த ஊர்க் காற்றில் இரும்புக்கு ஆயுசு கிடையாது. ஆனால் உள்ளே நுழைந்ததும் நான் நின்றுவிட்டேன். கைவேலை என்றால் பெண் பார்க்க வந்து உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொடுக்கப்படும் தண்டனை என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். இங்கே உள் அறைக்குப் போகும் வாசலில் கிளிஞ்சல்களைத் துளைத்துக் கோத்த திரை ஒன்று தொங்கியது. மேலே ஈர மணலின் பழுப்பு, வர வர வெளுத்து, தரையைத் தொடும் இடத்தில் உப்பின் வெள்ளை. எங்கே நிறம் மாறுகிறது என்று விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. கடல் காற்று வரும்போதெல்லாம் அது குளிரில் பல் தந்தியடிக்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. மூலையில் பனை ஈர்க்கில் கூடு கட்டிச் சிப்பி பதித்த விளக்கு மூடி. ஆணியில் ஒரு வயர் கூடை, நெல்லிக்காய் நெல்லிக்காயாகப் புடைத்த முடிச்சு. அலமாரியில் பாவாடை கட்டிய பல்பு பொம்மை. நடுவாசலில், வழக்கம்போல, கிளி. ஆனால் இந்தக் கிளி யாரோ கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்ப்பது போலக் கழுத்தைச் சாய்த்திருந்தது.

“எல்லாம் பொண்ணு செஞ்சதுங்க,” என்றார் தரகர், மூச்சு விடுகிற மாதிரி.

“இந்த வெளக்கு மூடி மாதிரி ஒண்ணு வேணும்னு ஆரோவில்லேர்ந்து வெள்ளக்காரம்மா ஒண்ணு சைக்கிள்லயே வந்துச்சு,” என்றார் மேஸ்திரி. நாங்கள் எதைப் பார்த்தாலும் அவர் கண் எங்களுக்கு முன்னால் அங்கே போய் நின்றது. பெண்ணைப் பெற்றவர் பெண்ணைப் பார்க்கிறவர்களின் முகத்தைத்தான் பார்ப்பார். இவர் நாங்கள் கூடையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் முகத்தைப் பார்த்தார்.

பெண் பஜ்ஜித் தட்டோடு வந்தாள். தலை குனியவில்லை. என் முன்னால் தட்டை நீட்டியபோது, என் மடியில் தலைகீழாகக் கிடந்த புத்தகத்தின் பெயரை உதடு அசையாமல் வாசித்து முடித்துவிட்டுத்தான் நகர்ந்தாள். அவ்வளவுதான். எனக்கு வேறு யாரும் வேண்டாம் என்று ஆகிவிட்டது. தரகரிடம் சரக்கு தீர்ந்தது நல்லதுக்குத்தான் என்று தோன்றியது.

“கலரு கொஞ்சம் மட்டு,” என்றார் மாமா, பெண் கேட்கும்படியாக.

“உப்பளத்து வெயிலு. நம்ம ஊருக்கு வந்தா தெளிஞ்சிடும்,” என்றாள் அம்மா, குட்டையில் மொண்ட தண்ணீரைப் பற்றிப் பேசுவது போல. பிறகு எழுந்து நடந்தாள். அம்மாவுக்கு ஒரு சோதனை உண்டு. போன இடமெல்லாம் எதையாவது தொட்டு, அதை எப்படிச் செய்தாய் என்று கேட்பாள். பெண்கள் திக்குவதைக் கேட்பதில் அவளுக்கு ஒரு சுகம். அவளைப் பெண் பார்த்த காலத்தில் அவளும் திக்கியிருப்பாள் போல. அவள் கிளியைப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினாள்.

“ஏம்மா, இது உள்ள என்னா வெச்சிருக்க? இம்மாம் வெறப்பா நிக்குதே.”

“கம்பிங்க.”

“என்னா கம்பி?”

பெண் ஒரு கணம் யோசித்தாள். “இரும்புக் கம்பிதாங்க.”

“இரும்பா!”

குரல் மேஸ்திரியுடையது. பாத்திக்கு அந்தக் கரைக்குப் போகிற குரல். “இந்தக் காத்துல இரும்ப வெப்பனா நானு? ஒரு மழைக்குத் துரு எறங்கி கிளி மைனாவாப் பூடும்! பித்தளக் கம்பிம்மா அது. பித்தள!”

தரகர் ஒரு பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார், இனி தன்னால் பேச முடியாது என்பதற்குச் சாட்சியாக.

மாமாவின் முகம் மலர்ந்தது. பூனை எலியைப் பார்த்துவிட்டால் பாயாது, உட்கார்ந்து வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

“அடடா,” என்றார் மிக மரியாதையாக. “கிளி உங்க வேலைங்களா? என்னா நேர்த்தி! அப்போ அந்தக் கூடை?”

மேஸ்திரி மகளைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார். வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் தன் கைவேலைக்காகத் தன்னை ஒருவர் பாராட்டி அவர் அதுவரை கேட்டதில்லை, பாராட்டெல்லாம் மகள் கணக்கில் போய்க்கொண்டிருந்தது.

“அது... நெல்லிக்கா முடிச்சுங்க. இந்தச் சுத்துவட்டாரத்துல யாருக்கும் வராது.”

“தெர?”

“தண்ணி காஞ்சு உப்பு எறங்கற வரைக்கும் கொட்டாயில சும்மாதான குந்தினு இருக்கணும். ஆளுங்க சீட்டு ஆடுவாங்க. நான் கிளிஞ்சலப் பிரிச்சு வெப்பேன். கலர் பிரிக்கறதுக்கே ஒரு சீசன் பூட்ச்சு.”

“பல்புக்குப் பாவாட கட்னது?”

“அதுவுந்தான்.”

“தெச்சது யாருங்க?”

“நாந்தான்.”

ஜன்னலுக்கு வெளியே அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடியிருந்தார்கள். ஒரு சிரிப்பு வெடித்தது. அவர்களில் சிலரின் புருஷன்மார் மேஸ்திரியின் கீழே வேலை செய்கிறவர்கள். நாளைக் காலை அவர் பாத்தியில் நின்று அதட்டும்போது யாராவது ஒருவன் பல்புப் பாவாடையைப் பற்றிக் கேட்பான் என்பது அவருக்கும் அந்தக் கணத்தில் புரிந்திருக்க வேண்டும். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“அக்கா,” என்றார் மாமா அம்மாவிடம், “பேசாம மாமனாரையே கட்டி வெச்சிடலாம். கைவேல தெரியுது, பாவாட தெக்கிறாரு. பஜ்ஜியும் அவர் போட்டதாத்தான் இருக்கும்.”

“இல்லீங்க, இல்லீங்க,” என்று பதறினார் மேஸ்திரி, மகளுக்கென்று ஏதாவது ஒன்றை மீட்டுவிடத் துடித்து. “பஜ்ஜி அவதாங்க போட்டா!”

“அதான் வேகல,” என்றார் மாமா.

ஜன்னல் முழுக்கச் சிரித்தது. பெண் மட்டும் அசையாமல் நின்றாள்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். “எனக்குப் பொண்ணப் புடிச்சிருக்குது,” என்றேன். எனக்கே சத்தம் அதிகமாகப் பட்டது. அதுவரை பார்த்த எந்த வீட்டிலும் நான் பேசியதில்லை, காப்பி மட்டும் குடித்திருக்கிறேன்.

“உன்ன யாருடா கேட்டா?” என்றாள் அம்மா.

“என்னையும் யாரும் கேக்கலிங்க,” என்றாள் பெண். முதல் முறையாக அவள் குரல் எழுந்தது. அப்பாவின் தொண்டைதான், கொஞ்சம் எண்ணெய் போட்டது. உள்ளே போய்ப் பாதி பின்னிய ஒரு வயர் கூடையைக் கொண்டுவந்து என் மடியில், புத்தகத்தின் மேலேயே, வைத்தாள்.

“கைவேல தெரியுதான்னு பாக்கத்தான வந்தீங்க? எங்க வீட்ல ஆம்பளைங்கதான் கைவேல செய்யறது. இவரு ஒரே ஒரு முடிச்சு போடட்டும். போட்டா நான் வர்றேன், நாளைக்கே வர்றேன். போடலன்னா இல்ல.”

“ஏம்மா, இது என்னா பேச்சு?” என்று தரகர் பஜ்ஜியை விழுங்கினார்.

“இருங்க, இருங்க,” என்றார் மாமா. அவருக்கு வேடிக்கைதான் முக்கியம், யார் மேல் விழுந்தாலும் சரி. “டேய், போடுடா. முடிச்சு தானே. பி.ஏ. படிச்சவன் நீ!”

மேஸ்திரி தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்து ஒரு முடிச்சைப் போட்டுக் காட்டினார். அந்த வெடித்த விரல்களுக்குள் வயர் தானாக மடங்கி, தானாக நுழைந்து, ஒரு நெல்லிக்காயாக உட்கார்ந்துகொண்டது. நான் பார்த்தேன். பார்த்தது எல்லாம் புரிந்தது. புரிவதுதான் எனக்கு எப்போதும் வாய்த்தது, செய்வது அல்ல. என் கை செய்த ஒரே வேலை பக்கம் புரட்டுவது.

வயரைக் கையில் எடுத்தேன். அது மீன் மாதிரி வழுக்கியது. இரண்டு நுனி என்று நினைத்துப் பிடித்தால் நான்கு இருந்தன. சிவப்பை மஞ்சளுக்குள் விட்டேன், அது மஞ்சளுக்கு வெளியே வந்தது. ஜன்னலில் ஒரு பெண், “ஐய, புள்ளைக்கு வேக்குது பாரு,” என்றாள். என் வழுக்கையில் வியர்வை வழிந்து மூக்கு நுனியில் நின்றது. துடைக்கக் கை இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அவள் கேட்ட பெண்களெல்லாம் திக்கியபோது அவள் கண்ணை மூடியதில்லை. என் எதிரே அந்தப் பெண் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், சிரிக்காமல். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கடைசியில் என் விரல்கள் தங்களுக்குத் தெரிந்த வேலையைச் செய்தன. ஒரு சுற்று, ஒரு நுழைவு, ஒரு வளையம். முடித்துவிட்டேன் என்று தலை நிமிர்ந்தேன்.

பெண் கூடையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். “இது ஃபைலுக்குக் கட்ற முடிச்சுங்க,” என்றாள்.

ஆமாம். அலுவலகத்தில் தினமும் கோப்புகளுக்கு நாடா கட்டுகிற முடிச்சு. எனக்குத் தெரிந்த ஒரே முடிச்சு.

ஜன்னலில் இருந்தவர்களுக்கு அவள் அதைத் தூக்கிக் காட்டினாள். பிறகு அம்மா பக்கம் திரும்பி, மிகவும் பதவிசாகச் சொன்னாள்: “ரொம்ப சந்தோஷங்க. நாங்க வீட்ல கலந்து பேசிட்டு லெட்டர் போடறோம்.”

அந்த வாக்கியம் எங்களுடையது. எத்தனையோ வீட்டு வாசலில், எத்தனையோ கிளிகளுக்கு அடியில் நின்று அம்மா சொன்னது. அது இப்படித்தான் காதில் விழும் என்று எங்களுக்குத் தெரியாது.

வாசலில் செருப்பு மாட்டும்போது அம்மாவுக்குப் பேச்சு வந்தது. தெருவுக்கே கேட்கும்படி, “பொண்ணு வேணாம். அந்தக் கிளி என்னா வெலன்னு கேளுடா,” என்றாள் மாமாவிடம்.

“அது விக்கிறதுக்கு இல்லீங்க,” என்று உள்ளிருந்தே பதில் வந்தது. மேஸ்திரியின் தொண்டை பழையபடி ஆகியிருந்தது. “ஆர்டர் குடுத்துட்டுப் போங்க. தம்பிக்குப் பொண்ணு கெடைக்கறதுக்குள்ள நிதானமா ஒரு நூறு கிளி முடிச்சிடலாம்.”

இந்த முறை ஜன்னல் எங்களைப் பார்த்துச் சிரித்தது. “உப்பு போட்டுத்தான் திங்கறாங்கடா,” என்றார் மாமா. அவர் யாரையும் அவ்வளவு பாராட்டி நான் கேட்டதில்லை.

புத்தகத்தை மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்லி நான் மட்டும் படியேறினேன். அது நாற்காலியில் கிடந்தது. யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவும் மகளும் கிளிக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கூடையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் என் முடிச்சை நகத்தால் நெம்பி அவிழ்த்து, வயரில் விழுந்த மடிப்பைக் கட்டை விரலால் நீவிக்கொண்டிருந்தார். நான் குனிந்து புத்தகத்தை எடுத்து நிமிர்வதற்குள், அந்த இடத்தில் ஒரு நெல்லிக்காய் உட்கார்ந்துவிட்டது.