மலாவியில் நான் விரித்த பாய்

போன ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வெளியே வந்தேன். என் செருப்பைக் காணோம்.

வாலிநோக்கத்தில் எங்கள் கோயில் சின்னது. வாசல் மணலில்தான் எல்லார் செருப்பும் கிடக்கும். ஒவ்வொருவராகப் போட்டுக்கொண்டு போனார்கள். கடைசியில் நான் மட்டும் வெறுங்காலோடு நின்றேன்.

கோயிலைத் திறந்து பூட்டுகிற வேதமுத்து, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். என் வயதுதான் அவருக்கும்.

"ஏலே, அந்தச் செருப்பையா தேடுற? அத நாய் கூடத் தூக்காதுலே."

தூக்கியிருக்கிறதே! என்ன செய்ய... நடந்தேன். உச்சி வெயில். உப்பளத்தில் வெந்து பழகிய கால்தான். இருந்தாலும் சுட்டது.

அப்படி நடக்கும்போதுதான் உங்களுக்குச் சொல்லாமல் விட்ட ஒன்று ஞாபகம் வந்தது. மலாவிக்குப் போய்வந்ததைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினேன். விமானத்தில் காது அடைத்தது, அங்கே ஜூன் மாதம் குளிர் அடிப்பது, மக்காச்சோளக் களி... எல்லாம் எழுதினேன். இதை மட்டும் எழுதவில்லை. நான் செய்த தப்பு அது. எழுதக் கை வரவில்லை.

என் மகள் ஜெபாவும் மாப்பிள்ளையும் எட்டு வருசமாக ஆப்பிரிக்காவில், அந்த மலாவி நாட்டில், ஒரு கிராமத்தில் ஊழியம் செய்கிறார்கள். செங்கல் கட்டடம், தகரக் கூரை. ஞாயிறு அது சர்ச். திங்கள் முதல் வெள்ளி வரை அதுவே பள்ளிக்கூடம். குறுக்கே துணி கட்டினால் நாலு வகுப்பு. ஜெபா எழுத்து சொல்லிக் கொடுக்கிறாள். மாப்பிள்ளைக்குப் பிரசங்கமும் கணக்கும். பேத்தி அங்கேயே பிறந்தவள். என்னோடு தமிழ் பேசுவதற்கு முன் கொஞ்சம் யோசிப்பாள்.

அவர்கள் அந்த நாட்டில் தங்க வருசா வருசம் அனுமதி வாங்க வேண்டும். அதற்கு ஊர்த்தலைவர் ஒரு கடிதம் தர வேண்டும். 'இந்த வாத்தியார்கள் எங்களுக்கு வேண்டும்' என்று ஊர் சார்பில் கையெழுத்து. அது இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் போனபோது அந்தக் கடிதத்துக்கு ஆறு வாரம் இருந்தது. எப்போதும் நின்றபடியே கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாராம். யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

முதல் ஞாயிறு சர்ச்சுக்குப் போனேன். வாசலிலேயே செருப்பைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால்... அத்தனை பேர் காலிலும் ஷூ!

ஒரு அம்மா வெகு தூரத்திலிருந்து வெறுங்காலோடு நடந்து வந்தார். ஷூ கையில் இருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து, பாட்டில் தண்ணீரில் காலைக் கழுவி, துடைத்து, ஷூவைப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்.

நாம் வாசலில் கழற்றுகிறோம். அவர்கள் வாசலில் போடுகிறார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சாமி முன்னால் இப்படியா என்று மாப்பிள்ளையிடம் கேட்டேன்.

"இங்க அப்படித்தான் மாமா. விட்டுருங்க" என்றார்.

நான் விடவில்லை. அடுத்த ஞாயிறு எல்லாருக்கும் முன்னால் போய் வாசலில் ஒரு பாயை விரித்தேன். பக்கத்தில் நின்றுகொண்டேன். வருகிறவர்களைப் பார்த்துக் கும்பிட்டேன். அப்புறம் அவர்கள் காலைக் காட்டினேன். பிறகு பாயைக் காட்டினேன். பாஷை தெரியாதே... கைதான் பேசியது.

பாஸ்டரின் மாமனார். வயசாளி. யார் மறுத்துப் பேசுவார்கள்? சிலர் சிரித்துக்கொண்டு கழற்றினார்கள். சிலர் சிரிக்காமல் கழற்றினார்கள். நாலைந்து பேர் அப்படியே திரும்பி நடந்தார்கள். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஷூக்களை வரிசையாக அடுக்கிப் போட்டோ எடுத்து வேதமுத்துவுக்கு அனுப்பினேன். கட்டை விரலைத் தூக்கிக் காட்டிப் பதில் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மூன்றாம் ஞாயிறு பாதி பேர்தான் வந்தார்கள். நான்காம் ஞாயிறு பதினொரு பேர்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. மாப்பிள்ளை கடிதத்தை எடுத்துக்கொண்டு தலைவர் வீட்டுக்குப் போனார். 'வைத்துவிட்டுப் போங்கள், பார்க்கலாம்' என்று சொல்லி அனுப்பிவிட்டார் தலைவர். நின்றபடி கையெழுத்துப் போடுகிறவர்!

இரண்டு பேரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஜெபா களி கிண்டிக்கொண்டே, யாரிடமும் இல்லாமல், மெதுவாகச் சொன்னாள்.

"எட்டு வருசம்..."

மறுநாள் சாயங்காலம் எஸ்நாத் டீச்சர் வந்தார். அந்த ஊர்க்காரர்தான். ஆரம்பத்திலிருந்து ஜெபாவோடு பாடம் நடத்துகிறவர். நாற்பது வயது இருக்கும். எப்போதும் விறுவிறுவென்று உள்ளே வருவார். அன்றைக்கு வாசலில் நின்றார். ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை. என்னைப் பார்த்துத்தான் பேசினார். ஜெபா தமிழில் சொன்னாள்.

"எங்க அப்பா தேயிலை எஸ்டேட்ல கூலி. அவருக்கு ஒரே ஒரு ஜோடி ஷூ. எஸ்டேட் கேட்டுகிட்ட வந்ததும் கழட்டிக் கையில எடுத்துக்கிடணும். கால்ல போட்டுக்கிட்டு உள்ள போனா வேலை போயிரும். ஞாயித்துக்கிழமை சர்ச்சுல மட்டுந்தான் போட்டுக்கிட்டு நிமிந்து உக்காருவாரு. அதப் பாத்து வளந்தவ நான். இப்ப அங்கயும் ஒரு கேட்டு வந்துருச்சு."

கடைசி வரியைச் சொல்ல ஜெபாவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது.



எங்கள் அய்யா, என்னைப் பெற்றவர், உள்நாட்டுக் கிராமத்தில் பண்ணை வேலை பார்த்தவர். அவருக்கும் ஒரு ஜோடி செருப்பு இருந்தது. பண்ணைக்காரர்கள் குடியிருந்த பெரிய தெரு முனை வந்ததும் கழற்றுவார். கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். குனிந்தபடி தெருவைக் கடப்பார். நான் பின்னாலேயே போவேன். எத்தனை தடவை பார்த்திருப்பேன்! அந்தத் தெருவில் நடக்கப் பிடிக்காமல்தான் அய்யா எங்களைக் கூட்டிக்கொண்டு வாலிநோக்கத்துக்கு வந்தார். உப்புப் பாத்தியில் எல்லாருக்கும் வெறுங்கால்தான். அது அவருக்குப் போதுமாக இருந்தது.

மறந்தா போய்விட்டேன்? இல்லை. அது வேறு, இது வேறு என்று நினைத்திருந்தேன். வேறுதான். கோயிலில் நானாகக் கழற்றுகிறேன். வாசலில் ஒருவன் நின்று கழற்றச் சொன்னால் அது கோயில் இல்லை... பெரிய தெரு.

அய்யா கதையை அன்றைக்குத்தான் ஜெபாவிடம் சொன்னேன்.

"ஏம்ப்பா இத எங்கிட்ட சொன்னதே இல்ல?"

"சொல்ற விசயமா அது?"

அதையே எஸ்நாத் டீச்சரிடமும் சொல்லச் சொன்னேன். கேட்டுவிட்டு ஷூவைப் போட்டுக்கொண்டார். தலைவரிடமும் போய் இதைச் சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

காலையில் மாப்பிள்ளையோடு தலைவர் வீட்டுக்குப் போனேன். மாமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பழக்கதோஷம்... முற்றத்தின் ஓரத்திலேயே செருப்பைக் கழற்றிவிட்டேன். அவர் என் காலைப் பார்த்து ஏதோ சொன்னார்.

"போட்டுட்டு வரச் சொல்றாரு மாமா."

போட்டுக்கொண்டு போனேன். அய்யாவைப் பற்றிச் சொன்னேன். எனக்கு நீட்டிப் பேச வராது. நாலு வரிதான். தப்பு என்னுடையது, பிள்ளைகளுடையது இல்லை என்றும் சொன்னேன். மாப்பிள்ளை மொழிபெயர்த்தார்.

தலைவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். தெரு முடிந்ததும் உங்கள் அப்பா செருப்பைத் திரும்பப் போட்டுக்கொள்வாரா?

"போட்டுக்கிடுவாரு. மண்ணத் தட்டிட்டுப் போட்டுக்கிடுவாரு."

தலையை ஆட்டினார். கடிதத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு பாயை விரிக்கவில்லை. மாப்பிள்ளையின் கறுப்பு ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவை. ஒரு அளவு பெரிசு. சிமெண்டுத் தரையில் டக் டக் என்று சத்தம். உள்ளே போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன். சாமி முன்னால் ஷூவோடு. உடம்பு கூசியது. ஆனாலும் உட்கார்ந்திருந்தேன்.

எஸ்நாத் டீச்சர் வந்து என் காலைப் பார்த்தார். கயிற்றை முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டிருந்தேன். உப்பு மூட்டைக்குப் போடுகிற முடிச்சு. அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்து, மெதுவாகக் கட்டிக் காட்டினார். பார்த்துப் பார்த்துக் கட்டினேன். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

ஒரு பாட்டு முடிவதற்குள் இருபது பேர் வந்தார்கள். அடுத்த பாட்டுக்கு நாற்பது. எல்லாரும் வந்துவிடவில்லை. பாய் விரித்த முதல் நாள் திரும்பிப் போன ஒரு குடும்பம் நான் ஊருக்குக் கிளம்பும் வரை வரவே இல்லை. தலைவர் கடைசியாக வந்து பின்னால் உட்கார்ந்தார். பழைய பூட்ஸ், நன்றாகத் துடைத்தது.

திங்கட்கிழமை எஸ்நாத் டீச்சர் மூலமாகக் கடிதம் வந்தது. கையெழுத்து இருந்தது. தலைவர் வாய்மொழியாக இன்னொன்றும் சொல்லி அனுப்பியிருந்தார். ஜெபா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஒங்களுக்கு அளவான ஷூ ஒண்ணு வாங்கித் தரணுமாம்ப்பா. நீங்க நடக்குற சத்தத்துல அவருக்குப் பிரசங்கமே கேக்கலயாம்."

இவ்வளவுதான் நடந்தது.

இங்கே இப்போதும் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகிறேன். அது என் பழக்கம். மாறாது.

செருப்பு தொலைந்த அன்று சாயங்காலம் வேதமுத்து என் வீட்டுக்கு வந்தார். என் செருப்பு கிடைக்கவில்லை. அவருக்கு வருத்தம்தான். யோசனை ஒன்று சொன்னார்.

"இனிமே வாசல்ல ஒரு ஆள நிப்பாட்டிருவோம். கழட்டுற செருப்பு அவம் பொறுப்பு. என்ன சொல்ற?"

செருப்பு போனால் போகட்டும், வாசலில் ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.