இடது பக்க ஸ்பீக்கர்

அந்த இரண்டு ஸ்பீக்கர்களும் வீட்டுக்கு வந்த அன்று அம்மா அப்பாவோடு பேசவில்லை. சோபாவை வெளியே எடுத்தால்தான் அவை ஹாலில் நிற்கும் என்று அப்பா சொன்னார். வண்டியில் கொண்டுவந்தவர்கள் சோபாவைத் தூக்கி, கார் இல்லாத எங்கள் போர்ட்டிகோவில் போட்டார்கள். அதன்பிறகு வெகுநாள்வரை வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் எல்லாம் தெருவைப் பார்த்தபடி உட்கார்ந்துதான் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கணபதி என்ற பகுதியில் எங்கள் வீட்டை ஒட்டியே அப்பாவின் லேத் பட்டறை இருந்தது. பம்ப் மோட்டாருக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். பகலெல்லாம் இரும்பு கத்துகிற இடத்தில் நின்றுவிட்டு, சாயங்காலம் குளித்துவிட்டு வந்து, யாரோ எப்போதோ ஆசையாக வாங்கிப் பிறகு தூக்கிப் போட்ட ஆம்ப்ளிஃபயர்களைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்காருவார். எல்லாம் உக்கடம் பழைய மார்க்கெட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைந்து பொறுக்கியவை. பரண் நிறையக் கிடந்தன. மற்ற வீடுகளில் சாயங்காலம் சாம்பிராணிப் புகை வரும். எங்கள் வீட்டில் சால்டரிங் புகை.

ஆனால் இந்த ஸ்பீக்கர்கள் அந்த ரகம் அல்ல. பீளமேட்டில் மூடிப்போன ஒரு மில்லின் மேனேஜர் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்தவை. தேக்குமரப் பெட்டிகள். ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த என் தோள் உயரத்துக்கு இருந்தன. முன்பக்கத்துத் துணியை அப்பா கழற்றியபோது உள்ளே ஒரு பெரிய காகிதக் கூம்பு தெரிந்தது. அதன் விளிம்பைச் சுற்றியிருந்த ஸ்பாஞ்ச் வளையத்தைத் தொட்டுப் பார்த்தேன். ஊறிய பிஸ்கட்டைப்போல அது உதிர்ந்து என் விரலில் ஒட்டிக்கொண்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நீ ஒடைக்கல கண்ணு," என்று அப்பா சிரித்தார். "வயசாயிப்போச்சு அதுக்கு. சும்மா வெச்சிருந்தாலும் உதுந்து போயிரும். புதுசு ஒட்டிப்போடலாம்."

ஒட்டுவதற்கே ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. காய்ந்த பசையை பிளேடால் சுரண்டினார். கூம்பு நட்டநடுவில் நிற்க வேண்டும் என்று பழைய எக்ஸ்ரே பிலிமைக் கீற்றுக் கீற்றாக வெட்டிச் செருகினார். புது வளையத்தை ஒட்டி, சுற்றிலும் துணிக் கிளிப்புகளை மாட்டினார். அம்மா கொடியில் துணி போடக் கிளிப் இல்லாமல் தேடிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் முடிந்த அன்று ஹாலில் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் எதிரே, சரியாக நடுவில், ஒரு மர நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். இசைத்தட்டு சுழன்றது. யாரோ ஒரு அம்மாள் எங்கள் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்து பாடுவதுபோல இருந்தது. பாட்டுக்கு நடுவே அவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்டது. அம்மாகூட ஈரக்கையோடு சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

அப்பாவின் முகம் மட்டும் சுருங்கியிருந்தது.

"இடது பக்கம் டல்லடிக்குது," என்றார்.

அன்றிலிருந்து இடது பக்கம்தான் எங்கள் வீட்டின் ஒரே பேச்சு. முதலில் இடது ஸ்பீக்கரைத் திரும்பப் பிரித்தார். பிறகு இரண்டு பெட்டிகளையும் இடம் மாற்றி வைத்தார். அப்போதும் இடது பக்கம்தான் டல். அப்படியானால் ஆம்ப்ளிஃபயரில்தான் கோளாறு என்று ஒயர்களை மாற்றிப் போட்டார். அப்போதும் அப்படியே. கடைசியில் ஹாலின் மேல் சந்தேகம் வந்தது. இடது பக்கத்து ஜன்னல் சத்தத்தை வெளியே விடுகிறது என்று அதில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டார். அதுவும் சரிப்படாமல், எல்லாவற்றையும் எதிர்ச் சுவருக்கே மாற்றினார். ஒவ்வொரு முறையும் என்னை அருகில் நிறுத்திக் கேட்பார். "எப்படிக் கேக்குது?"

"ரெண்டும் ஒரே மாதிரிதானுங்கப்பா கேக்குது."

"நல்லாக் கேட்டுச் சொல்லு."

"நெசமாலுமேங்கப்பா."

அவர் என்னை நம்பவில்லை. சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்ற மாதிரி தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பார். நடுவில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து விசில் மாதிரி ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருக்கிறது என்றார். சுவிட்சை அணைத்தார். சத்தம் நிற்கவில்லையாம். பிளக்கைப் பிடுங்கி எறிந்தார். கையில் ஒயரைப் பிடித்தபடி, எதையோ உற்றுக் கேட்டுக்கொண்டு, அப்படியே நின்றார். நான் அதை வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபிசெட்டிபாளையத்தில் இருந்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு நாள் மாலையில் போன் செய்தார். மாரியம்மன் நோம்பித் திருவிழாவுக்கு எங்களை அழைக்கத்தான். அப்பா இரண்டு கையிலும் பசையோடு தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மா செல்போனைக் கொண்டுவந்து, தான் நின்ற பக்கமாகவே, அவருடைய இடது காதில் வைத்துப் பிடித்தாள்.

"பேசுங்க, தம்பி கூப்புடறான்."

"அலோ... அலோ..." அப்பா அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். "லைன் கட்டாயிப்போச்சாட்டம் இருக்குது."

அம்மா போனைத் தன் காதில் வைத்தாள். "மச்சான், மச்சான், கேக்குதுங்களா?" என்று மாமா போட்ட கூச்சல் எனக்கே கேட்டது. அவருக்கு எப்போதும் பெரிய குரல். அம்மா மறுபடியும் போனை அந்தக் காதிலேயே வைத்தாள். அப்பா உதட்டைப் பிதுக்கினார். அவள் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போய் வலது காதில் வைத்தாள்.

"ஆங், மாப்ள! சொல்லுங்க மாப்ள, நல்லா இருக்கீங்களா?" அப்பா பளிச்சென்று பேச ஆரம்பித்தார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. பேசி முடித்ததும் அப்பா ஜன்னலில் தொங்கிய ஜமுக்காளத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய் அதைக் கழற்றி மடித்து வைத்தார்.

பட்டறைச் சத்தத்தால் வந்ததாக இருக்கும், சொட்டு மருந்து கொடுப்பார்கள் என்று நினைத்துத்தான் டாக்டரிடம் போனார்கள். சத்தத்தால் கெட்டால் இரண்டு காதும் கெடும், ஒரு காது மட்டும் கெட வேறு காரணம் இருக்கும் என்று அவர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அதற்கடுத்த வாரம் மாமா கோபியிலிருந்து வந்தார். போர்ட்டிகோ சோபாவில் உட்கார்ந்து அம்மா அவரிடம் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு விஷயம் தெரியும்.

"காதுக்குப் பொறத்தால, உள்ள, நரம்பு மேல ஒரு கட்டியாம்டா. கேன்சர் இல்லையாம். ஆனா உட்டா மூளையப் போயி அமுத்துமாம்."

"எடுத்துப்போட்டாச் சரியாயிருங்களாக்கா?"

"உசுருக்குப் பயமில்லைங்கறாங்க. அந்தக் காது சுத்தமாப் போயிருமாம்."

கட்டியை எடுத்துவிட்டால் சரி, காதுதான் இன்னொன்று இருக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் அப்பா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பவில்லை. பொங்கல் கழியட்டும் என்றார். எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டு நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"இதையொண்ணைச் சரி பண்ணிப்போட்டு வாரேன்," என்றார் அப்பா.

"எதைங்க சரி பண்றது? பொட்டி நல்லாத்தானுங்க இருக்குது!"

"தெரியும்."

"தெரிஞ்சுமாங்க?"

"அந்தக் காதுல மிச்சமிருக்கறதும் போறதுக்குள்ள, ஒருக்கா ரெண்டு காதுலயும் கேட்டுப்போடறேன் அம்மணி. அப்பறம் எங்க வேணாலும் வெட்டிக்கட்டும்."

"தலைக்குள்ள கட்டி வளந்துட்டு இருக்குதுங்க. நீங்க பாட்டுக் கேக்கோணுங்கறீங்க!" அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பொங்கல் கழிந்தது. அதற்குள் நடக்கும்போது அப்பா லேசாகச் சாய ஆரம்பித்திருந்தார். பாத்ரூமில் ஒரு முறை விழுந்தும் விட்டார். அதற்குப் பிறகுதான் ஆப்பரேஷனுக்குத் தேதி வாங்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின ஞாயிறு மத்தியானம் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தப் பெட்டியையும் பிரிக்கவில்லை. எந்தப் பக்கம் எவ்வளவு சத்தம் வரவேண்டும் என்று கூட்டிக் குறைக்கிற குமிழ் ஒன்று ஆம்ப்ளிஃபயரில் இருந்தது. அதை மெல்ல மெல்ல இடது பக்கமாகத் திருப்பினார். கண்ணை மூடிக் கேட்டார். இன்னும் திருப்பினார். எனக்கு இடது ஸ்பீக்கர் காதைக் கிழித்தது. வலது பக்கம் அடுத்த வீட்டில் பாடுவதுபோலக் கேட்டது. பாட்டே ஒரு பக்கமாகக் குடை சாய்ந்துவிட்ட மாதிரி இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அப்பா கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இப்பத்தான் சரியா இருக்குது."

"ஆமாங்க," என்றாள் அம்மா. "இப்ப நல்லா இருக்குதுங்க."

தட்டு முடிகிறவரை அவள் அவருக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பாட்டில் அவ்வளவு நாட்டம் கிடையாது.

ஆப்பரேஷன் முடிந்து அப்பா வீட்டுக்கு வந்தபோது எனக்கு அவர் பக்கத்தில் போகப் பயமாக இருந்தது. முகத்தின் இடது பாதி தளர்ந்து தொங்கியது. அந்தக் கண் மூடவில்லை. தூங்கும்போது பிளாஸ்திரி ஒட்டி மூடினார்கள். குடித்த காப்பி உதட்டோரம் வழிந்தது. தள்ளிப் போட்டதால் வந்ததா, எப்படியும் வந்திருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. ஒற்றைக் காதில் கேட்கிறவர்களுக்குச் சத்தம் காதில் விழும், ஆனால் அது எந்தத் திசையிலிருந்து வருகிறதென்று பிடிபடாது, ரோட்டில் ஜாக்கிரதை என்று மட்டும் சொல்லி அனுப்பினார்களாம். அதனால் வெளியே போனால் நான் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்று அம்மா சொல்லியிருந்தாள். எல்லாம் பஸ்ஸுக்கும் பைக்குக்கும் பயந்துதான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்பீக்கர்கள் மேல் போர்வை போட்டு மூடியாயிற்று. அப்பா பட்டறைக்குப் போக ஆரம்பித்த பிறகும் அந்தப் போர்வையை யாரும் எடுக்கவில்லை.

முழு ஆண்டு லீவில், அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்த ஒரு காலையில், அப்பா வந்து போர்வையை எடுத்தார். குமிழை நடுவுக்குத் திருப்பிவிட்டுத் தட்டைப் போட்டார். நாற்காலியில் அவர் உட்காரவில்லை. என்னைத் தூக்கி உட்கார வைத்துவிட்டுப் பின்னால் நின்றுகொண்டார். இரண்டு கையும் என் தோள்மேல் இருந்தன.

"பாடறவங்க எங்க இருக்காங்க கண்ணு?"

"நேரா, நடுவுலீங்கப்பா."

"வயலினு?"

இடது பக்கம் கையைக் காட்டினேன்.

"மிருதங்கம் அப்ப இந்தப் பக்கமா?"

"ஆமாங்கப்பா. கொஞ்சம் உள்ள தள்ளி. செவுத்துக்குள்ள இருக்கறாப்பல."

"செவுத்துக்குள்ளயா?" அவர் குனிந்து என் முகத்தருகே வந்தார். "தம்புரா?"

கண்ணை மூடித் தேடினேன். பாடுகிறவருக்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, அது மெல்லிசாக இருந்தது. அதையும் சரியாகக் காட்டினேன். அவர் விடவில்லை. எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், யாருக்குப் பக்கத்தில் யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன் என்று எனக்கு உறுதி. வகுப்பில் முதலாவதாக வருகிறவள் நான்.

தட்டு முடிந்தது. அவர் கெட்டிக்காரி என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். தோளிலிருந்து கையை எடுத்தார். ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு, போர்வையைப் போட்டு, அதன் நுனிகளை இழுத்து இழுத்துச் சரிசெய்தார்.

இத்தனை கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லியும் ஒரு வார்த்தை பாராட்டவில்லையே என்று எனக்கு அன்றைக்கெல்லாம் வருத்தமாக இருந்தது. கேள்வி கேட்கிறவருக்கு விடை தெரிந்திருக்கும் என்றுதான் அப்போது என் நினைப்பு.